உங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்கினால்: ஆதார், பான் திருட்டைக் கண்டறியவும் தடுக்கவும் ஒரு வழிகாட்டி

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனவரிடம், "உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு தனிநபர் கடன் தவணை தவறி நிற்கிறதே, அதை முடித்துவிட்டு வாருங்கள்" என்று மேலாளர் சொல்கிறார். வந்தவரோ தனிநபர் கடன் என்று எதையும் வாங்கியதே இல்லை. அடையாளத் திருட்டு நம் ஊரில் பலருக்கும் இப்படித்தான் முதலில் தெரியவருகிறது. திருட்டு நடந்து பல மாதங்கள் கழிந்த பிறகு, அதுவும் வேறு வேலையாகப் போன இடத்தில். 2022 ஏப்ரலில் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ், தம் பான் எண்ணை வைத்து யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும், அதனால் தமது சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) பாதிக்கப்பட்டதாகவும் ட்விட்டரில் வெளிப்படையாகப் புகார் செய்தார். தொகை எவ்வளவு சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு தொகைக்கு உடனடிக் கடன் கொடுக்கும் இடங்களில் சரிபார்ப்பும் சுருக்கமாகவே முடிந்துவிடுவதால், திருடனுக்கு அங்கே வேலை எளிது.

கணக்கிலிருந்து பணம் களவு போனால் அன்றைக்கே குறுஞ்செய்தி வந்துவிடும். அடையாளம் களவு போனால் எந்தச் செய்தியும் வராது. ஆதார் எண், பான் எண், பிறந்த தேதி, கைரேகை, செல்பேசி எண் ஆகியவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்து, உங்களைப் போல் இன்னொருவர் ஓர் அலுவலகத்தின் முன் நிற்பதே அடையாளத் திருட்டு. முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்து, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் சிம் கார்டும் பான் அட்டையும் எடுத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு, இந்தியாவில் உள்ள நடைமுறைகளின்படி இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஒன்றை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. உங்கள் ஆதார், பான் நகல்கள் ஏற்கெனவே பல இடங்களில் கிடக்கின்றன: வாடகை வீட்டுக்காரரிடம், விடுதி வரவேற்பறையில், பழைய அலுவலகத்தின் கோப்பில், சிம் வாங்கிய கடையில். அவற்றையெல்லாம் திரும்ப வாங்கிவிட முடியாது. ஆகவே இனிமேல் நகல் கொடுக்கும்போது எச்சரிக்கையாக இருப்பது ஒரு பங்கு வேலைதான். உங்கள் எண்ணை வைத்து எங்கே என்ன பதிவாகியிருக்கிறது என்று அவ்வப்போது பார்ப்பதே பெரும்பங்கு வேலை. பெரும்பாலான அறிவுரைகள் முதலாவதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லி, இரண்டாவதை விட்டுவிடுகின்றன என்பது என் கருத்து.

நகல் எங்கே கசிகிறது

ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். ஆதாரை அச்சிட வேண்டும் என்றால், கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பச் சொல்வார்கள். அவர் அதைக் கணினியில் இறக்கி, அச்சிட்டு, ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்வார். கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில், உங்களுக்கு முன்னே வந்த நூறு பேரின் கோப்புகளோடு அப்படியே இருக்கும். இ-ஆதார் கோப்புக்குத்தான் கடவுச்சொல் இருக்கிறதே என்று நினைக்கலாம். அந்தக் கடவுச்சொல், ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் மட்டுமே. இது எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான விதி என்பதால், உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவருக்கும் அது பூட்டாகாது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கணினியில் அமரும் எல்லோரையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அச்சிட்டு முடிந்ததும், "அண்ணா, அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிடுங்கள்" என்று நின்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. சரியாக விழவில்லை என்று ஒதுக்கி வைத்த தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிட வேண்டும்.

சிம் கார்டு விற்கும் இடத்தில் வேறொரு தந்திரம் உண்டு. கைரேகைக் கருவியில் விரலை வைத்ததும், "ரேகை சரியாக விழவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்பார்கள். உண்மையிலேயே விழாமல் போவதும் உண்டு. ஆனால் முதல் முறையில் உங்களுக்கு ஒரு சிம்மும், இரண்டாம் முறையில் வேறு யாருக்கோ உங்கள் பெயரில் இன்னொரு சிம்மும் இயக்கப்பட்ட வழக்குகள் காவல்துறையிடம் வந்திருக்கின்றன. இரண்டாம் முறை விரல் வைக்கச் சொன்னால், திரையைக் காட்டச் சொல்லி, முதல் முயற்சி தோற்றதைப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

இவை தவிர, வேலை தருவதாகச் சொல்லி ஆவணங்களைக் கேட்கும் போலி நிறுவனங்கள், செல்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் அள்ளிக்கொள்ளும் கடன் செயலிகள், உதவித்தொகை வாங்கித் தருவதாகத் தெருவில் மேசை போட்டு ஆதாரும் கைரேகையும் பெறுபவர்கள் என்று வழிகள் பல. எல்லாவற்றிலும் பொதுவானது, கேட்கப்படும் ஆவணத்துக்கும் நடக்கும் வேலைக்கும் பொருத்தம் இருக்காது என்பதுதான். நேர்முகத் தேர்வுக்கு முன்பே பான் அட்டையின் இரு பக்கமும் கேட்கும் நிறுவனத்துக்கு அது எதற்கு?

கைரேகை தனியே கவனிக்க வேண்டியது. 2018-இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு விற்பனையாளர் ஒருவர், பதிவுத் துறை இணையதளத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளையும் ஆதார் எண்களையும் எடுத்து, ரப்பர் முத்திரை செய்யும் முறையில் போலி ரேகைகளை உருவாக்கி, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கியது வெளிவந்தது. பிறகு இதே முறை வங்கிக் கணக்குகள் பக்கம் திரும்பியது. ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில், வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஊர்ப்புறத்து வங்கி முகவரின் சிறு கருவியிலிருந்தே பணம் எடுக்கலாம். அட்டையும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம், ஓடிபியும் வராது. வங்கிக் கிளைக்கு நடக்க முடியாத முதியவர்களுக்கு மிகவும் பயன்படும் ஏற்பாடு இது. கைரேகை திருடப்பட்டவர்களுக்கு அதுவே ஆபத்தாகிவிட்டது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதவரின் பணமும் இந்த வழியில் போகும் என்பதால், "நான் ஓடிபி கொடுக்கவே மாட்டேன்" என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நீங்கள் விண்ணப்பிக்காத கடனுக்கோ கிரெடிட் கார்டுக்கோ "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று செய்தி வருவது. கேட்காமலே ஓடிபி அடுத்தடுத்து வருவது. உங்களுக்குத் தொடர்பில்லாத நிறுவனத்தின் வசூல் ஆள் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லித் தவணை கேட்பது. வருமான வரித் துறையிலிருந்தோ ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்தோ நீங்கள் செய்யாத வியாபாரத்துக்கு நோட்டீஸ் வருவது. செல்பேசியில் திடீரென்று சிக்னல் முழுவதும் போய், அக்கம்பக்கத்தில் அதே நிறுவனத்தின் எண்கள் வேலை செய்வது. இவற்றில் எதுவும் தவறுதலாகவும் நடக்கலாம். தவறுதலா இல்லையா என்பதை ஒரு நாளுக்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே முக்கியம். வசூல் ஆளின் அழைப்பைப் பலர் "ராங் நம்பர்" என்று சொல்லித் துண்டித்து, எண்ணையும் பிளாக் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், எந்த நிறுவனம், எந்தக் கடன் கணக்கு எண், என்றைக்குக் கொடுத்த கடன் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு உங்கள் விவரம் எதையும் சொல்லக் கூடாது.

முதல் படி: கடன் அறிக்கையைப் படிப்பது

இந்தியாவில் கடன் தகவல்களைத் திரட்டும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது. இது 2017-லிருந்து நடைமுறையில் உள்ளது. நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், செலவே இல்லாமல் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. குறையும் என்று சொல்லப்படுவது தவறு. இடைத்தரகர் செயலிகளில் பார்ப்பதைவிட அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் இலவசமாகக் காட்டும் பல செயலிகள் உங்கள் விவரத்தைக் கடன் விற்பதற்கே வாங்குகின்றன.

அறிக்கை வந்ததும் எல்லோரும் 300-க்கும் 900-க்கும் இடையிலான அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். திருட்டைக் கண்டுபிடிக்க மதிப்பெண் பயன்படாது. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலில், சொந்த விவரப் பகுதி: அதில் நீங்கள் ஒருபோதும் குடியிருக்காத முகவரியோ, உங்களுடையதல்லாத செல்பேசி எண்ணோ, மின்னஞ்சலோ இருந்தால், உங்கள் பெயரில் யாரோ விண்ணப்பம் கொடுத்திருக்கக்கூடும். அடுத்து, கணக்குகள் பகுதி: ஒவ்வொரு கடனுக்கும் கொடுத்த நிறுவனம், தொடங்கிய தேதி, தொகை, நிலுவை, மாதவாரியாகத் தவணை கட்டிய விவரம் இருக்கும். மாதக் கட்டத்தில் மூன்று சுழியம் இருந்தால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030, 060 என்று இருந்தால் அத்தனை நாள் தாமதம். இங்கே புதியவர்கள் தடுமாறுவது நிறுவனத்தின் பெயரில்தான். செல்பேசிச் செயலிக்கு ஒரு பெயர் இருக்கும். பின்னால் பணம் கொடுக்கும் வங்கி சாரா நிதி நிறுவனத்துக்கு வேறு பெயர் இருக்கும். அறிக்கையில் வருவது இரண்டாவது பெயர். ஆகவே தெரியாத பெயரைக் கண்டதும் திருட்டு என்று முடிவு செய்துவிடாமல், தவணையில் செல்பேசி வாங்கினோமா, உணவு, துணி வாங்கும் செயலியில் "பிறகு கட்டலாம்" என்பதை அழுத்தினோமா என்று தேதியை வைத்து ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது இடமே மிக மதிப்புள்ளது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை. விசாரணைப் பகுதி என்று கடைசியில் இருக்கும் அந்தப் பட்டியலில், உங்கள் பெயரில் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தபோது உங்கள் அறிக்கையைப் பார்த்த நிறுவனங்கள் தேதியோடு வரிசையாக இருக்கும். கடன் கொடுக்கப்படாமல் மறுக்கப்பட்டிருந்தாலும் இங்கே தடம் இருக்கும். ஒரே வாரத்தில் நான்கைந்து நிறுவனங்கள் பார்த்திருந்து, நீங்கள் எங்கும் விண்ணப்பிக்கவில்லை என்றால், யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். உங்கள் அறிக்கையைக் கடன் நிறுவனம் ஒன்று பார்த்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தி வந்துசேர, இந்த நான்கு நிறுவனங்களிடமும் உங்கள் இப்போதைய செல்பேசி எண் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: உங்கள் பெயரில் எத்தனை சிம்

தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில், உங்கள் செல்பேசி எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் கொடுத்தால், உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் பட்டியலாக வரும். ஒவ்வொன்றின் அருகிலும் "என் எண் அல்ல", "தேவையில்லை", "தேவை" என்று மூன்று தேர்வுகள் உண்டு. தெரியாத எண்ணுக்கு முதலாவதைத் தேர்ந்து அனுப்பி, கிடைக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். அதற்கு முன், அம்மாவுக்கோ தம்பிக்கோ நீங்கள் உங்கள் ஆதாரில் வாங்கிக் கொடுத்த சிம் அதில் இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் வீட்டாரின் எண்ணையே முடக்கியவர்கள் உண்டு.

ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி இந்த வரம்பை மீறினால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அபராதத்தைவிடப் பெரிய தொல்லை, உங்கள் பெயரில் உள்ள எண்ணிலிருந்து ஒருவர் மோசடி செய்தால் காவல்துறை முதலில் உங்கள் முகவரிக்குத்தான் வரும் என்பது.

மூன்றாம் படி: ஆதாரைப் பூட்டுவது

இதற்கெல்லாம் அடிப்படை, ஆதாரோடு இணைந்துள்ள செல்பேசி எண் இன்று உங்கள் கையில் இருப்பது. கல்லூரிக் காலத்தில் வைத்திருந்து கைவிட்ட எண் இன்னும் ஆதாரில் இருக்குமானால், அது இப்போது வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். ஓடிபி அவருக்குப் போகும். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் சென்று அதை மாற்றிவிட்டே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

மைஆதார் தளத்தில் நுழைந்து, ஆதார் சரிபார்ப்பு வரலாற்றைப் பாருங்கள். கடந்த ஆறு மாதங்களில் உங்கள் எண் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது, எந்த நிறுவனம் கேட்டது, கைரேகையா ஓடிபியா, வெற்றியா தோல்வியா என்பதெல்லாம் நாள், நேரத்தோடு இருக்கும். நீங்கள் அலுவலகத்தில் இருந்த செவ்வாய்க்கிழமை மதியம், கேள்விப்படாத ஒரு நிறுவனம் கைரேகையால் சரிபார்த்திருக்கிறது என்றால், அது எளிதில் கடந்துபோக வேண்டிய வரி அல்ல.

அதே தளத்தில் கைரேகை, கருவிழி ஆகியவற்றைப் பூட்டும் வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் போலி ரேகை மட்டுமல்ல, உங்கள் சொந்த விரலும் வேலை செய்யாது. தேவைப்படும்போது நீங்களே தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சிறிது நேரத்தில் தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். இங்கே தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ரேஷன் கடையில் விரல் வைப்பவர் யார்? ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ்வுச் சான்று கொடுப்பவர் யார்? பாட்டியின் ரேகையைப் பேரன் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டால், கடையில் கருவி 330 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டும், பணியாளர் "ரேகை விழவில்லை" என்று திருப்பி அனுப்புவார், பாட்டிக்குக் காரணமே தெரியாது. ஆகவே வீட்டில் மாதந்தோறும் விரல் வைக்க வேண்டியவரைத் தவிர மற்றவர்களின் ரேகையைப் பூட்டிவிடுவது, விரல் வைப்பவருக்குத் திறக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது, அல்லது அவருடைய வங்கியில் எழுதிக் கொடுத்து ஆதார் வழிப் பணம் எடுப்பதை மட்டும் நிறுத்தக் கேட்பது என்று வீட்டின் வசதிக்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆதார் எண்ணையே பூட்டுவது வேறு வசதி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கு முன் 16 இலக்கம் கொண்ட விஐடி என்னும் மாற்று எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு, சரிபார்க்கக் கேட்கும் இடத்தில் அந்த எண்ணைத்தான் தர முடியும். ஐயம் இருந்தால் 1947 என்ற உதவி எண்ணில் கேட்கலாம்.

நான்காம் படி: பான் எண்ணின் தடங்கள்

வருமான வரி தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பான் எண்ணில் பதிவான சம்பளம், வட்டி, பங்கு விற்பனை, பெரிய தொகைப் பரிவர்த்தனைகள் எல்லாம் அதில் வரும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும். தொடர்பில்லாத பதிவு ஏதேனும் இருந்தால், இது தமக்கு உரியதல்ல என்று அங்கேயே பின்னூட்டம் பதியலாம்.

அடுத்து ஜிஎஸ்டி தளம். அங்கே உள்நுழையாமலே, பான் எண்ணைக் கொடுத்து அதில் யாராவது வணிகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடலாம். கூலி வேலை செய்பவர்கள் பெயரில் போலி நிறுவனம் பதிவு செய்து, கோடிக்கணக்கில் போலி விற்பனைச் சீட்டுகள் எழுதி, கடைசியில் நோட்டீஸ் மட்டும் அந்த ஏழை வீட்டு வாசலுக்கு வந்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இரண்டு நிமிட வேலைதான் இந்தத் தேடல். தெரியாத பதிவு இருந்தால், அது எந்த அலுவலக வரம்பில் உள்ளதோ அந்த வரி அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வங்கிக் கணக்கை "வாடகைக்கு" கொடுப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாதம் சில ஆயிரம் தருவதாகச் சொல்லி மாணவர்களிடம் பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் வாங்கிக்கொள்கிறார்கள். இது அடையாளத் திருட்டு ஆகாது. கொடுத்தவரே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகிறார்.

நகல் கொடுக்கும் முறை

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று அறிவிப்பு வெளியிட்டது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான முன்யோசனையோடு நடந்துகொண்டால் போதும் என்று கூறியது. வழக்கமான முன்யோசனை என்றால் என்ன என்பதை ஒவ்வொருவரும் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் பின்பற்றும் முறை இது. ஆதாரை இறக்கும்போது மறைக்கப்பட்ட ஆதார் என்ற தேர்வைக் குறித்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் பிரதி கிடைக்கும். விடுதிக்கும் வாடகை வீட்டுக்கும் அது தாராளமாகப் போதும். சட்டம் கட்டாயமாக்காத இடங்களில் ஆதாருக்குப் பதில் ஓட்டுநர் உரிமத்தையோ வாக்காளர் அட்டையையோ நீட்டலாம். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரை இணைக்கக் கட்டாயப்படுத்த முடியாது. பான் எண்ணோடு இணைப்பது செல்லும் என்று அதே தீர்ப்பு கூறியது.

தாளில் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஓரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுத் தராதீர்கள். அட்டைப் படத்தின் மேலேயே, எழுத்து எண்களைத் தொட்டுச் செல்லும்படி குறுக்காக, "வாடகை ஒப்பந்தத்துக்காக மட்டும்" என்று எழுதி, யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள். வெறும் ஓரத்தில் எழுதியதை மறைத்து மறுபடியும் நகலெடுத்துவிடலாம். குறுக்கே எழுதியதை மறைத்தால் எண்ணும் மறைந்துபோகும். செல்பேசியில் அனுப்புவதாக இருந்தாலும், இப்படி எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்புவதே நல்லது. கேலரியில் கிடக்கும் ஆதார், பான் படங்களை அழித்துவிட்டு, அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்பேசி எண்ணைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் எண்ணுக்கு யாரோ மாற்று சிம் வாங்கினால், உங்கள் கையில் உள்ள சிம் செத்துவிடும், ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். எனவே காரணமின்றி சிக்னல் போனால் காலை வரை காத்திருக்காமல், வேறொரு செல்பேசியிலிருந்து உடனே சிம் நிறுவனத்தை அழைக்க வேண்டும், வங்கியையும் அப்படியே.

நடந்துவிட்டது என்றால்

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், முதல் அழைப்பு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு. அந்த அழைப்பு வந்ததும், பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குப் போகிறதோ அந்த வங்கிகளுக்குத் தகவல் சென்று, எடுக்கப்படாத தொகை முடக்கப்படும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிவிடும். அடுத்து உங்கள் வங்கியின் அவசர எண். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறு இன்றி வெளியாளால் நடந்த மின்னணு மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், புகார் எண்ணோ முத்திரையிட்ட நகலோ வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணம் போகவில்லை, ஆனால் உங்கள் பெயரில் கடன் இருக்கிறது என்றால் வழி சற்று நீண்டது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், கடன் அறிக்கையில் அந்தக் கடன் உள்ள பக்கத்தை இணைத்துப் புகார் பதிந்து, ஒப்புகை எண் பெறுங்கள். பிறகு கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். கோபமான நீண்ட கடிதத்தைவிட இவ்வளவு எழுதினால் போதும்: "இந்த எண்ணுள்ள கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை; தொகையையும் பெறவில்லை. விண்ணப்பத்தோடு பெறப்பட்ட புகைப்படம், அடையாளச் சான்றுகள், கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஓடிபி அனுப்பிய செல்பேசி எண், கடன் தொகை செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தருமாறு கோருகிறேன்." கடைசி இரண்டும்தான் உங்கள் துருப்புச் சீட்டு. தொகை போன கணக்கு உங்களுடையதல்ல என்றால், மற்ற விவாதங்களுக்கு அதிக வேலை இருக்காது.

அதே நாளில், தவறான பதிவைக் காட்டும் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலும் மறுப்பு பதிய வேண்டும். அவர்கள் தாமாகத் திருத்த மாட்டார்கள். கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே மாற்றுவார்கள். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள விதி. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448.

காவல்துறையில் மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துக்கு நேரிலும் செல்லலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கென்றே உள்ளது. மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி. புகாரில் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிடுவது உதவும். எஃப்ஐஆர் உடனே போடாவிட்டாலும் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான காவல் நிலைய ஒப்புகை) வாங்காமல் திரும்பாதீர்கள். வங்கிகளும் கடன் நிறுவனங்களும் கேட்கப்போவது அதைத்தான். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. "மூவாயிரம்தானே, கட்டித் தொலைத்துவிடலாம்" என்று போலிக் கடனை அடைக்காதீர்கள். அது உங்கள் கடன்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும். குறைத்துக் கட்டினால் அறிக்கையில் "செட்டில்டு" என்ற முத்திரை வேறு விழும், அடுத்த வங்கி அதைக் கண்டு முகம் சுளிக்கும். பணம் கொடுத்தால் சிபிலைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுகளிடம் போகாதீர்கள்; மறுப்பு பதிவது இலவசம், அவர்களிடம் கொடுக்கும் பானும் ஆதாரும் அடுத்த கசிவு. உங்கள் ஆதார் கடத்தலில் சிக்கியிருக்கிறது, வீடியோ அழைப்பில் "டிஜிட்டல் கைது" செய்கிறோம் என்று சீருடையில் ஒருவர் தோன்றினால், துண்டித்துவிட்டு 1930-ஐ அழையுங்கள். அப்படியொரு கைது இந்தியச் சட்டம் எதிலும் இல்லை.

எல்லாக் கடிதங்களையும், புகார் எண்களையும், யாரோடு என்றைக்குப் பேசினீர்கள் என்பதையும் ஒரே நோட்டில் தேதி வாரியாக எழுதி வாருங்கள். திருத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகும், இரண்டு மூன்று மாதம் கழித்து நான்கு அறிக்கைகளையும் மீண்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் நீங்கிய பதிவு இன்னொன்றில் அப்படியே நிற்பது உண்டு. வீட்டில் யாரேனும் இறந்திருந்தால் அவருடைய சிம்மையும் வங்கிக் கணக்கையும் முறைப்படி முடித்துவிட்டு, மைஆதார் தளத்தில் இறப்பைத் தெரிவிக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். 2025 ஜூனில் அது தொடங்கப்பட்டிருக்கிறது. இறந்தவர் பெயரில் வரும் கடன் செய்தியைப் படிக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பது திருடனுக்குத் தெரியும்.